பட்டைத் தூளும் ஈஸ்னோபீலியாவும்

கேள்வி: வருஷம் முழுக்கத் தும்மல், தோலில் தடிப்பு. ரத்தப் பரிசோதனையில் ஈஸ்னோபில் அதிகம் என்று வந்திருக்கிறது. லபாச்சோ என்ற தென்னமெரிக்க மரத்தின் உள்பட்டைத் தூள் வயிற்றுப் பூச்சி, அலர்ஜி இரண்டையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடும் என்று தோழி ஒரு டப்பா கொடுத்தாள். கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: முதலில் டப்பாவை மூடி வையுங்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஈஸ்னோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. குடலில் புழு இருந்தாலும் அது ஏறும், அலர்ஜி இருந்தாலும் ஏறும். ஐஜிஇ என்ற எதிர்ப்புரதமும் அப்படித்தான். புழுவுக்காக உடம்பு வைத்திருக்கும் படை, மகரந்தத்தையும் தூசியையும் எதிரி என்று நினைத்துக் கிளம்புவதுதான் அலர்ஜி என்று நோய் எதிர்ப்பியல்காரர்கள் பலர் சொல்வார்கள். எண் ஒன்றுதான், காரணம் இரண்டு. அதனால் மருந்தும் ஒன்று என்று டப்பாக்காரர் முடிச்சுப் போட்டுவிட்டார்.

உங்களுக்கு இரண்டில் எது என்று முதலில் தெரிய வேண்டும். மலப் பரிசோதனையை ஒரு தடவையோடு விடாமல் வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுங்கள். முட்டைகள் தினமும் ஒரே அளவில் வெளியே வராது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு புழு உண்டு. உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றி, பல வருஷம் சத்தமில்லாமல் குடியிருக்கும். அது இருப்பது தெரியாமல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்குத் தனியாக ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, லபாச்சோ. அதன் சரக்கு லபாச்சால் என்ற மஞ்சள் பொருள். மருதாணியில் கையைச் சிவக்க வைக்கும் லாசோனுக்கு நெருங்கிய உறவு. சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் போய்ச் சட்டென்று ரத்தச் சிவப்பாகும். மருந்துத் தாவரவியல் வகுப்பில் மாணவர்கள் வாயைப் பிளக்கும் இடம் இது. ஆனால் இந்த லபாச்சால் அதிகம் இருப்பது மரத்தின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில்; பட்டையில் கொஞ்சம்தான். தண்ணீரில் கரையவும் கரையாது. நீங்கள் கொதிக்க வைத்து இறக்கும் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கூட்டினால் வேறு தொல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதைப் புற்றுநோய் மருந்தாகச் சோதித்துவிட்டுக் கைவிட்டது. ரத்தத்தில் போதுமான அளவு ஏறுவதற்குள் வாந்தியும் ரத்தக் கசிவும் வந்துவிட்டன. அமைப்பில் இது ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-க்குச் சாயல், அதனால் அதன் வேலையில் குறுக்கே நிற்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது.

ஒட்டுண்ணி விஷயத்தில் லபாச்சாலின் வேதிக் குடும்பத்துக்கு நல்ல பெயரும் உண்டு. 1940-களில் மலேரியாவுக்கு மருந்து தேடியவர்கள் இந்த வகைப் பொருள்களை நூற்றுக்கணக்கில் செய்து பார்த்தார்கள். அந்த வழியில்தான் பின்னாளில் அடோவாகுவோன் என்ற மருந்து வந்தது. ஆனால் அது மலேரியாக் கிருமிக்கு. குடல் புழுவுக்கு அல்ல.

இப்போது டப்பாவை மூடச் சொன்ன காரணம். லபாச்சாலும் அதன் தம்பி டீஆக்சிலபாச்சாலும் தேக்கிலும் இருக்கின்றன. மர வேலை செய்கிறவர்களில் சிலருக்கு அந்தத் தூள் பட்டாலே தோல் தடித்துப்போகும். ஒரு தடவை வகுப்பில் காட்டலாமே என்று கையுறை போடாமல் தேக்குத் தூளை அளைந்தேன். மறுநாள் முழங்கை வரை தடிப்பு, பத்து நாள் சொறிந்தேன். ஏற்கெனவே தடிப்போடு இருக்கும் நீங்கள் டப்பாவில் இருக்கும் தூளை முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பட்டை புழுவைக் கொல்லும் என்பதெல்லாம் கட்டுக்கதையா சார்? (ஒரு மாணவர்)

பதில்: யார் சொன்னது தம்பி? புழுவுக்கு முன்னால் மலேரியாவைப் பார். சிங்கோனாப் பட்டையிலிருந்து பெல்த்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலர்கள் 1820-இல் மலேரியா மருந்தான குவினைனைப் பிரித்தார்கள். நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு துகள் கரைத்து வெயிலில் பிடித்துப் பார், கரைசலின் மேலே நீலம் மினுங்கும். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் ஹீம் அதற்கே விஷம், அதனால் படிகமாக்கி ஓரமாக ஒதுக்கி வைக்கும். குவினைன் அந்தப் படிகமாக்கலைக் கெடுத்துவிடும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். காது இரைவது இந்த மருந்தின் பழைய குறை. கடுமையான மலேரியாவுக்கு இப்போது முதலில் கொடுப்பது ஆர்ட்டிசுனேட்.

மாதுளை வேர்ப்பட்டை இன்னும் வேடிக்கை. அதிலிருக்கும் பெல்லெட்டியெரின் (மேலே சொன்ன பெல்த்தியேவின் பெயர்தான்) நாடாப்புழுவை மயக்கிப் பிடியைத் தளர்த்தும். அது தெளிந்து மறுபடி பற்றிக்கொள்வதற்குள் பேதி மருந்து கொடுத்து வெளியே தள்ள வேண்டும். அளவு மீறினால் புழுவோடு மனிதனுக்கும் தலை சுற்றும், பார்வை மங்கும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை இருக்கும்போது இந்தச் சர்க்கஸ் எதற்கு?

குடசப்பாலைப் பட்டையில் இருக்கும் கோனெசின் என்ற பொருள் சீதபேதி தரும் அமீபாவை அடக்கும். அதுவும் நரம்பைப் பதம் பார்த்ததால்தான் பின்வாங்கியது.

கேள்வி: வாகைப் பட்டைக் கஷாயம் குடிக்கிறேன், மூச்சிரைப்பு குறைந்த மாதிரி இருக்கிறது. இன்ஹேலரை விட்டுவிடவா?

பதில்: கூடாது. அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமைனைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் உடைவதை வாகைப் பட்டைச் சாறு குறைத்தது என்று விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் இன்ஹேலருக்கு அது ஈடாகாது. அடுத்த முறை போகும்போது கஷாயம் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.