தூண்டில் அவருக்கு, அடுப்பு யாருக்கு?

கேள்வி: எங்களுக்குக் கலியாணமாகி வாற ஆகஸ்ட் கடைசியோடை 25 வருஷம். பிள்ளைகள் வெளியூரிலை படிக்கினம். இவர் பருத்தித்துறைக்காரர், மீன்பிடி எண்டால் சாப்பாடும் வேண்டாம். ஒன்ராறியோவின் வடக்கிலை றோட்டே இல்லாத ஏரிக்கரை லொட்ஜ் ஒண்டுக்கு ஒரு கிழமை போவம் எண்டு நிக்கிறார். தண்ணியிலை இறங்குற சின்னப் பிளேனிலைதான் போகலாமாம். ரெலிபோன் வேலை செய்யாதாம். எனக்குப் பிளேனும் பயம், கரடியும் பயம், நுளம்பும் பயம். சமையலும் நாங்களே செய்யலாமாம். நான் மாட்டன் எண்டால் சிநேகிதரோடை போவாராம். என்ன செய்ய?
– ஸ்காபரோ வாசகி

பதில்: அன்புள்ள தங்கச்சி,

மூன்று பயங்களை எழுதிவிட்டு, உண்மையான கோபத்தைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். 'நாங்களே செய்யலாமாம்' என்பதில் அந்த 'நாங்கள்' யாரென்று எனக்கும் தெரியும், ஸ்காபரோவில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அந்த லொட்ஜுகளில் இரண்டு வகை உண்டு. உங்கள் அவர் பார்த்திருப்பது 'ஹவுஸ்கீப்பிங்' வகை. மரவீடு, அடுப்பு, சட்டி பானை அவர்களுடையது. அரிசி, மா, வெங்காயம் எல்லாம் நீங்கள் காவிக்கொண்டு போகவேண்டும். மற்றது 'அமெரிக்கன் பிளான்'. மூன்று நேரமும் அவர்களே சமைத்துத் தருவார்கள். காசு கூடத்தான். ஏழு நாளை நாலாகக் குறைக்கச் சொல்லுங்கள், கணக்கு ஓரளவு சரிவரும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெள்ளிவிழாவுக்குப் போய் யாரோ ஒருவருடைய குசினியில் பாத்திரம் கழுவிவிட்டு வருவதென்றால், வீட்டிலேயே நிற்கலாம்.

பிளேன் அநேகமாக 'பீவர்' அல்லது 'ஒட்டர்' ஆக இருக்கும். பீவர் முதலில் பறந்தது 1947இல். கிழட்டுப் பிளேனா என்று பதறாதீர்கள். காட்டு ஏரிகளில் இறங்கி ஏறவென்றே கனடாவில் செய்தது அது. சத்தம்தான் காதை அடைக்கும். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு: பனிமூட்டமோ தாழ்ந்த முகிலோ இருந்தால் பிளேன் வராது, வரவும் கூடாது. திரும்பி வந்த அடுத்த நாளே வேலை என்று இவர் திட்டம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஓராளுக்கு எத்தனை இறாத்தல் சாமான் கொண்டுபோகலாம் என்பதையும் முன்னரே கேளுங்கள்.

நுளம்பைவிடப் பொல்லாதது மே கடைசியிலும் ஜூனிலும் மொய்க்கும் கறுப்பு ஈ. ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் நன்றாகக் குறைந்துவிடும். பின்னேரம் குளிரும், சுவெற்றர் வேணும். ஜூனில்தான் மீன் நல்லாய்க் கடிக்கும் என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். அது சரிதான். ஜூனில் அவர்களோடு போகட்டும்.

கரடி சாப்பாட்டு மணத்துக்குத்தான் வரும். மீன்குடலையும் குப்பையையும் என்ன செய்கிறார்கள் என்று லொட்ஜ்காரரைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வள்ளத்தில் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இருங்கள், அதன்மேல் இருக்காதீர்கள். எஞ்சின் வள்ளம் ஓட்ட அவரிடம் அதற்குரிய அட்டை இருக்கிறதா? தூண்டில் போடுவதென்றால் உங்களுக்கும் மீன்பிடி உரிமம் வேணும். குறைந்த காசில் 'கொன்சர்வேஷன்' உரிமம் உண்டு. அதில் வைத்துக்கொள்ளக்கூடிய மீன் குறைவு, உங்களுக்குப் போதும். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு இரவும் ஒரு வரி அனுப்ப, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிநேகிதர் கூட்டம் தயாராக இருக்கும்போதும், இந்த மனிதர் முதலில் உங்களைத்தான் கேட்டிருக்கிறார். அந்த 'இல்லாட்டி' மிரட்டல் எனக்கும் பிடிக்கவில்லை, அதை நேரே சொல்லுங்கள். ஆனால் போய்வாருங்கள்.

ஒருநாள் மத்தியானம் கரையிலேயே நெருப்பு மூட்டி, பிடித்த மீனை அங்கேயே பொரித்துச் சாப்பிடுவார்கள். பிக்கரல் கிடைத்தால் அதிர்ஷ்டம்: வெள்ளைச் சதை, முள் குறைவு. பைக் மீன் என்றால் முள் பார்த்துத் தின்னவேண்டும். கொஞ்சம் மிளகாய்த்தூளும் மஞ்சளும் ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு போய் இவர் கையில் கொடுங்கள். வெட்டுவதும் பொரிப்பதும் பருத்தித்துறைக்காரர் பாடு.