சம்பளம் பேசும்போது வேலை பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளலாமா?

தேர்வாகிவிட்டேன், சம்பளம் மட்டும்தான் பேசவேண்டும், ரொம்பப் பிடித்திருப்பதாகக் காட்டினால் குறைத்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். அநேகமாக வீட்டில் பெரியவர் யாராவது "பிடி கொடுக்காமல் பேசு" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதைக் கேட்டு ஒரு நல்ல வேலையை இழந்தவன் நான். அதனால்தான் இதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காட்டுங்கள். தாராளமாகக் காட்டுங்கள். காட்டிவிட்டுச் சம்பளத்தையும் கேளுங்கள்.

2014-இல் கோவையில் ஒரு பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் ஆலையில், எனக்கு வேலை வந்தது. நான் படித்தது உலோகவியல். அப்போது இருந்த இடத்தில் இரண்டு வருட அனுபவம். என் மாமா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நாற்பது வருடம் பழகியவர். அங்கே துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. "மாப்பிள்ளை, பிடித்த மாட்டை ஏறிட்டுப் பார்க்கவே கூடாது. ஆசை முகத்தில் தெரிந்தால் விலை போயிற்று" என்றார். நானும் அப்படியே நடந்துகொண்டேன். அவர்கள் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டியபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. தொகையைச் சொன்னபோது "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். நான்கு நாள் கழித்து நானே அழைத்தபோது, "உங்களுக்கு விருப்பம் இருப்பதாகத் தெரியவில்லை, வேறு ஒருவரைப் போட்டுவிட்டோம்" என்றார்கள்.

மாமாவைக் குறை சொல்லவில்லை. சந்தையில் அவர் முறைதான் சரி. மாட்டை விற்றவனும் வாங்கியவனும் பணம் கைமாறியதும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். வேலை அப்படியா? துண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளோடுதான் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிக்கிறது. நம்மை எடுப்பவருக்கும் ஒரு பயம் இருக்கிறது: ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவானோ, நாம் சிபாரிசு செய்த ஆள் நம் பெயரைக் கெடுத்துவிடுவானோ என்று. அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தால், மேலே போய் நமக்காக அவரே பேசுவார்.

2017-இல் இன்னொரு பவுண்டரி. இந்த முறை நான் நானாகவே இருந்தேன். பின்பக்கம் பழுது என்று ஒதுக்கிப் போட்டிருந்த காஸ்டிங் (வார்ப்பு) குவியலில் ஒரு பம்ப் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே, உட்சுவர் வழவழவென்று, கடலை அளவில் குழிகள். "அச்சு மணலில் ஈரம் கூடிவிட்டதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை சோதிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். காலையில் ஒரு முறைதானாம். உற்பத்தி மேலாளர் அங்கேயே நின்று அரை மணி நேரம் என்னோடு பேசினார்.

பிறகு கடிதம் வந்தது. வருடத்துக்கு 4,80,000. மாதம் 40,000 என்று சந்தோஷப்பட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 12 சதவீதம், 2,400. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை 4.81 சதவீதம், 962. இந்த இரண்டும், ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் அந்தக் கிராஜுவிட்டிகூட, அந்த 40,000-க்குள்ளேயே சேர்ந்திருந்தது. என் பங்கு வைப்பு நிதி இன்னொரு 2,400. கைக்கு 34,238. உங்கள் கடிதத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பேசவேண்டியது கைக்கு வரும் தொகையைத்தான்.

மேலாளரை அழைத்து இப்படிச் சொன்னேன்: "சார், இந்த வேலைக்கு வர எனக்கு மிகவும் விருப்பம். அந்த மணல் சோதனையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 34,000 சொச்சம்தான் வருகிறது. 38,000 வரும்படி செய்துகொடுத்தால் இன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை, தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. வேலையின்மேல் உள்ள ஆசையைச் சொல்லலாம், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் 36,500 என்றார். ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பதாகவும் சொன்னார். ஒத்துக்கொண்டேன்.

"உனக்குக் கையில் வேறு வேலை இருந்தது, பேசினாய்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், இருந்தது. கல்லூரி வளாகத் தேர்வில் நூறு பேருக்கு ஒரே தொகை வைத்திருப்பவர்களிடம் இது நடக்காது என்பதும் தெரியும். நடிக்கச் சொல்கிறேன் என்றும் நினைக்கவேண்டாம். பிடிக்காத வேலையைப் பிடித்ததாகச் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பட்டச் சான்றிதழையும் எட்டு மதிப்பெண் பட்டியல்களையும் இரண்டு வருட ஒப்பந்தம் என்று வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நான் அங்கே ஐந்து வருடம் உழைத்தேன். விலகியபோது, சாவி வைத்திருப்பவர் லீவு, முதலாளி ஊரில் இல்லை என்று பதினொரு முறை அலையவைத்தார்கள். கடைசியில் கொடுத்தபோது பட்டச் சான்றிதழின் நடுவில் பஞ்சிங் மெஷின் போட்ட இரண்டு ஓட்டைகள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. என் அம்மா அதைக் கையில் வாங்கி அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. நகல் கொடுங்கள், சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி வரை காத்திருக்காமல் புதன் அல்லது வியாழன் காலையில் பேசுங்கள். அவர்களும் மேலிடத்தில் கேட்டுச் சொல்ல ஒரு நாள் வேண்டும். போனில் ஒத்துக்கொண்ட தொகையை மெயிலில் வாங்குங்கள். 36,500 எழுத்தில் வந்த பிறகுதான் நான் பழைய இடத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.