60 கிலோவுக்கு இறங்க வேண்டுமா? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 76 கிலோ. வங்கியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. பேண்ட் அளவு 34 அங்குலம். வெறும் வயிற்றில் சர்க்கரை 108. ஜிம்மில் உள்ள கருவியில் உடல் கொழுப்பு 31 சதவீதம் என்று வந்தது. இரண்டு நாள் கழித்து, வீட்டில் வாங்கிய எடைக் கருவி 27 என்று காட்டியது. பயிற்சியாளர் 60 கிலோவுக்கு இறங்கச் சொல்கிறார். எதை நம்பி இலக்கு வைத்துக்கொள்வது? (வாசகர், ஈரோடு)

பதில்: 60 கிலோ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அது உங்களுக்குப் பொருந்தாது என்பதை நீங்கள் அனுப்பிய எண்களே காட்டுகின்றன. 76 கிலோவில் 31 சதவீதம் என்றால் கொழுப்பின் எடை சுமார் 23.5 கிலோ, தசை, எலும்பு, நீர், உள்ளுறுப்புகள் எல்லாம் சேர்ந்த மீதி 52.5 கிலோ. இந்த மீதியில் சிறிதும் குறையாமல் 60 கிலோவுக்கு வர வேண்டுமானால், உடலில் 12.5 சதவீதக் கொழுப்புதான் எஞ்சியிருக்க வேண்டும். அது நாள்தோறும் கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் அளவு. மற்றவர்கள் பட்டினி கிடந்து அந்த எடையை எட்டும்போது கொழுப்போடு தசையும் கரைந்துபோகிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான் என்பதால், 108 என்ற எல்லையோர அளவில் நிற்கும் நீங்கள் தசையை இழப்பது நல்லதல்ல.

கொழுப்பு அளவிலிருந்து இலக்கு எடையைக் கணக்கிடும் முறை எளிது. கொழுப்பில்லாத எடையான 52.5 கிலோவை, அடைய விரும்பும் விகிதத்திற்கேற்ப வகுக்க வேண்டும். ஆண்களுக்கு 25 சதவீதத்திற்கு மேற்பட்ட கொழுப்பைப் பொதுவாக மிகுதி என்று கொள்கிறோம். 25 சதவீதக் கொழுப்பு என்றால் மீதி 75 சதவீதம்; 52.5-ஐ 0.75-ஆல் வகுத்தால் 70 கிலோ கிடைக்கிறது. ஆனால் வீட்டுக் கருவி சொன்ன 27-ஐ வைத்து இதே கணக்கைப் போட்டால் 74 கிலோ என்று வருகிறது. அளவீட்டில் 4 சதவீத வேறுபாடு இலக்கில் 4 கிலோவை நகர்த்திவிடுகிறது. ஆகவே இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

இந்தக் கருவிகள் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மிக மெல்லிய மின்சாரத்தை உடலுக்குள் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையிலிருந்து நீரின் அளவை ஊகித்து, அதன்பின் வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொழுப்பைக் கணக்கிடுகின்றன. வியர்த்து நீர் குறைந்திருந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். பாதங்களை மட்டும் வைத்து நிற்கும் வீட்டுக் கருவியில் மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே சென்று திரும்புவதால், வயிற்றுப் பகுதியைப் பற்றி அது சொல்வது ஊகமே. எனவே ஒரே கருவியில், காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடாமல் வாரம் ஒருமுறை பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது.

அப்படியானால் உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துக் கணிக்கும் பி.எம்.ஐ. போதாதா என்று கேட்கலாம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடல் அளவுகளையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதற்கு இத்தகைய உடலமைப்பும் ஒரு காரணம். இதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கொள்கிறோம். 70 கிலோவில் உங்கள் பி.எம்.ஐ. 24.8 ஆக இருக்கும். 74 கிலோவில் 26-ஐத் தாண்டியிருக்கும். ஆகவே முதல் இலக்கு 70 கிலோவாகவே இருக்கட்டும்.

பேண்ட் அளவை இடுப்புச் சுற்றளவாகக் கொள்ளாதீர்கள். நம்மில் பலர் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட்டைக் கட்டுகிறோம். 34 அளவு பேண்ட் அணிபவருக்கு வயிற்றைச் சுற்றி அளந்தால் 38 அங்குலம் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். தையற்காரரின் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளந்து பாருங்கள். 90 செ.மீ.க்குக் கீழே வர வேண்டும். உயரத்தில் பாதியான 84 செ.மீ.க்கு வந்தால் இன்னும் நல்லது.

வாரத்திற்கு அரை கிலோவுக்கு மேல் குறைக்க முயல வேண்டாம். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும், மற்ற நாட்களில் விரைவு நடையும் இருக்கட்டும். சோற்றைக் குறைக்கும் அளவுக்கு முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் ஆகிய புரத உணவுகளைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லை என்பதைக் கிரியாட்டினின் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டு இதைச் செய்வது நல்லது. அப்போதே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்தக் கொழுப்பு பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அவற்றை மீண்டும் பார்க்கும்போது, வயிற்றுச் சுற்றளவும் சர்க்கரையும் சரியான அளவுக்கு வந்திருந்தால், எடை 71 கிலோவில் நின்றாலும் அதற்குமேல் குறைக்க வேண்டியதில்லை. வரவில்லையென்றால் அன்றைய எடையை வைத்து இந்தக் கணக்கை மறுபடியும் போடுவோம்.