காலரா நச்சைக் கண்டறிந்தது ராபர்ட் கோக்கா, சம்பு நாத் டேயா?

கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் கோக், 1884-இல், கல்கத்தாவில். அது நச்சைச் சுரக்கலாம் என்றும் அவர் கருதினார். அதை நிரூபித்தவர் அதே நகரில் பணியாற்றிய சம்பு நாத் டே.

நோய்க்குறியியல் படித்தவர் என்பதால், கிருமியை விட நோயுற்ற குடல்தான் அவர் கவனத்தை ஈர்த்தது. உடம்பு முழுவதும் பரவும் நஞ்சைப் பலர் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, நடுவே காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தப் பகுதி மட்டும் நீர் கோத்து உப்பியது. இது 1953-இல் வெளியானது. எவ்வளவு எளிய, எவ்வளவு தெளிவான சோதனை!

அடுத்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் வளர்ப்பு நீரைச் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக, கிருமி வெளிவிடும் நச்சே காரணம். 1959-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் இதை வெளியிட்டார்.

இந்த நச்சு குடற்சுவரை அரிப்பதில்லை. செல்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது. சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் வழி மட்டும் கெடுவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அதனால்தான்.

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிவியலாளர் ஜோசுவா லெடர்பெர்க் அப்பரிசுக்கு டேயைப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1985-இல் டே மறைந்தார். கோக்கின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியாதது எனக்குப் பெரும் வருத்தம்.