மணலில் ஆடும் பந்தல்கால்: கான்கிரீட் இல்லாமல் நடுவது

வாடகை வீடு, வீட்டுக்காரர் கான்கிரீட் கூடாது என்கிறார், அவரைப் பந்தலுக்கு ஒன்றரை அடி ஆழத்தில் நட்ட சவுக்குக் கால்கள் ஒரே மாதத்தில் ஆடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். திருவான்மியூர் மணலுக்கு அந்த ஆழம் போதாது. 10 அடிக் கால் என்றால் 3 அடியாவது உள்ளே போக வேண்டும்.

காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத் தோண்டுங்கள். அடியில் அரையடி உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு, அதன்மேல் காலை நிறுத்துங்கள். அப்புறம் தோண்டிய மணலையே திரும்பக் கொட்டாதீர்கள், போன தடவை சொதப்பியது அங்கேதான். முக்கால் அங்குல ஜல்லியும் கிரஷர் தூசும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்து போட்டு, அரையடிக்கு ஒருமுறை கடப்பாரையின் மொட்டை முனையால் சுற்றிச் சுற்றி இடியுங்கள். குழியை முழுசாக நிரப்பிவிட்டு மேலே மட்டும் இடித்தால் அடியில் இறுகவே இறுகாது. கை வலிக்கும்தான், ஆனால் பிடிப்பு முழுக்க அந்த இடியில் இருக்கிறது.

மரம் அழுகுவது பெரும்பாலும் தரைமட்டத்தில். அங்கே மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி, தண்ணீர் விலகி ஓடும்படி விடுங்கள். முனையைக் கரித்து நட்டால் கறையான் அண்டாது என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சவுக்கு எப்படியும் சில வருடம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.