அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன்பு, காலையில் பால் வாங்கிக்கொண்டு சாலையோரம் நடந்து வந்த என் அம்மா மீது சரக்கு வேன் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். வயது 43. வேலைக்குப் போனதில்லை. நான் கல்லூரியில் படிக்கிறேன், தம்பி பத்தாம் வகுப்பு. “சம்பளமே இல்லாதவங்களுக்குக் கேஸ் போட்டு என்ன கிடைக்கும்?” என்கிறார் மாமா. “செத்தவ பேர்ல காசு வாங்கணுமா?” என்று அப்பா உடைந்துபோகிறார். வேன் உரிமையாளரோ ஒரு தொகை தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்று ஆள் அனுப்புகிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கையெழுத்து. யாரும் எதிலும் போட வேண்டாம். வெற்றுத்தாளிலோ, “எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்று எழுதிய தாளிலோ கூடவே கூடாது. வீடு தேடி வந்து, “வருவதில் பாதி, செலவெல்லாம் நாங்கள்” என்று வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் தாள்) நீட்டும் தரகர்களும் உண்டு. அவர்களிடமும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

அடுத்தது காலக்கெடு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். அப்பா மனம் தேறட்டும் என்று காத்திருந்தால் அது ஓடிவிடும்.

இனி மாமா கேட்டதற்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். வேலைக்குப் போனதில்லை என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கு மாதமாக விடியற்காலையில் அடுப்பு மூட்டுவது யார்? தம்பியின் சீருடையைத் துவைப்பது, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் உட்காருவது, மாதக் கடைசியில் பணம் போதாமல் போனால் சமாளிப்பது யார்? உச்ச நீதிமன்றம் 2001-லேயே லதா வாத்வா வழக்கில், சம்பளமில்லாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு இழப்பீடு கொடுத்தது. 2021-ல் கீர்த்தி வழக்கில் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. இந்தியப் பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்ற அரசுக் கணக்கெடுப்பை அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. 2024-ல் இன்னொரு வழக்கில், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலியின் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே எப்படிக் கணக்கிட முடியும் என்று கேட்டது. ஆகவே உங்கள் மாமாவின் கேள்விக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று தெரிந்துகொண்டால், யார் என்ன தொகை சொன்னாலும் எடைபோட முடியும். உதாரணத்துக்கு, அம்மாவின் உழைப்பின் மாத மதிப்பு 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வயது 40-க்கும் 50-க்கும் இடையில் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் சேர்த்தால் 15,000. நம்பியிருப்பவர்கள் மூன்று பேர் என்றால், அம்மாவின் சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மீதி 10,000. ஆண்டுக்கு 1,20,000. இந்த ஆண்டுத் தொகையை, இறந்தவரின் வயதுக்கென வகுத்த ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 41 முதல் 45 வயது வரை அந்தப் பெருக்கும் எண் 14. ஆக 16,80,000 ரூபாய். இதோடு துணையை இழந்த அப்பாவுக்கும், தாயை இழந்த உங்கள் இருவருக்கும் தனித்தனியாக ஒரு தொகை, ஈமச்சடங்குச் செலவு, இவற்றுக்கு மேல் வட்டி. உரிமையாளரின் ஆள் சொன்ன தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வயதுச் சான்றில் கவனம் தேவை. 46 என்று ஆகிவிட்டால் பெருக்கும் எண் 13-ஆக இறங்கிவிடும். ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருப்பது சகஜம். ஆதார் வயதுக்கான ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றிதழ்தான் நம்பத்தக்கது என்று 2024-ல் ஒரு விபத்து வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்மா படித்த பள்ளியின் டி.சி. பாட்டி வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தது, சீட்டுக் கட்டியது என்று எது இருந்தாலும் அதற்கான நோட்டையும் எடுத்து வையுங்கள்.

காவல் நிலையத்திலிருந்து எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, வேனின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் எல்லாம் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள், அதுதான் இழுத்தடிக்கும். மகஜரையும் வரைபடத்தையும் கையில் வாங்கியதும் நிதானமாகப் படியுங்கள். அம்மா விழுந்த இடம் சாலையோரம் என்று இருக்கிறதா, நடுச்சாலை என்று இருக்கிறதா? “பார்க்காமல் குறுக்கே வந்தார்” என்று எதிர்த்தரப்பு சொல்லி, ஒரு பகுதித் தவறை அம்மா தலையில் கட்டப் பார்க்கும். அப்படி ஆனால் இழப்பீட்டில் அந்தப் பங்கு குறையும். அன்று காலை நேரில் பார்த்தவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். பால் கடைக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

டிரைவர் மீது போலீஸ் நடத்தும் குற்ற வழக்கு வேறு, இது வேறு. அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். பிறகு மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாமே என்பார்கள். பேசலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்பாவிடம் சண்டை வேண்டாம். அவர் சொல்வது பேராசைக்குப் பயந்த மனிதரின் பேச்சு, அதை மதியுங்கள். வேனுக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், பணம் கொடுக்கப்போவது அந்த டிரைவரோ அவர் குடும்பமோ இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி என்று எடுத்துச் சொல்லுங்கள். மைனர் பிள்ளையின் பங்கை வங்கியில் வைப்பாகப் போட்டு, 18 வயது ஆகும்வரை நீதிமன்றம் காப்பாற்றித் தரும் என்பதையும் சொல்லுங்கள். தம்பியை நல்ல கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று அம்மா எத்தனை முறை பேசியிருப்பார், அது அப்பாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். மைனரான தம்பிக்குப் பாதுகாவலராக அவர்தான் மனுவில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதனால் இந்த வாரமே அவரையும் அழைத்துக்கொண்டு ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம்.