பழைய கடலைத் தேடப் போகிறேன் என்கிறாள் மகள்: அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் சேலத்தில் பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘ஓஃபியோலைட்’ என்ற பாறையில் பிஎச்.டி. செய்யப்போவதாகச் சொல்கிறாள். வங்கித் தேர்வு எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறாள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? பெண்பிள்ளையைக் காடு மலை என்று அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் ஓஃபியோலைட் என்பது பிஎச்.டி.யில் எடுக்க வேண்டிய தலைப்பு. இப்போதே அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டால் ஆராய்ச்சியும் வாய்க்காது, அரசு வேலையும் வாய்க்காது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இரண்டுக்கும் படிக்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றேதான்.

மகள் எதன்மேல் ஆசைப்படுகிறாள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய பெருங்கடல்களின் தரைப் பாறை பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்குள் உருவானது. அதைவிடப் பழைய கடல்தரை பெரும்பாலும் பூமியின் மற்ற தட்டுகளுக்கு அடியில் புதைந்து உள்ளே போய்விட்டது. தப்பித்துக் கண்டத்தின் மேல் ஏறிக்கொண்ட துண்டுகள்தான் ஓஃபியோலைட். அடியில் மேன்டில் என்ற பூமியின் உள்ளடுக்கைச் சேர்ந்த பெரிடோடைட் பாறை, அதன்மேல் ஆழத்தில் மெல்ல உறைந்த கேப்ரோ, அதற்கும் மேல் பிளவுகளில் ஏறி உறைந்து சுவர் சுவராக நிற்கும் டைக்குகள், பிறகு கடலடியில் கொட்டி உறைந்த தலையணை வடிவ லாவா, உச்சியில் ஆழ்கடல் சேறு இறுகிய செர்ட். இந்த அடுக்கு வரிசையை 1972-இல் பென்ரோஸ் என்ற நிலவியலாளர் மாநாட்டில் வரையறுத்தார்கள். ஓமானின் செமாயில், சைப்ரஸின் ட்ரூடோஸ் இரண்டும் பேர்போனவை. இரண்டுக்கும் வயது 9 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். இந்தியாவில் லடாக்கின் நிடார், நாகா–மணிப்பூர் மலைகள், அந்தமான் ஆகிய இடங்களில் பார்க்கலாம். இவை டெத்திஸ் என்ற மறைந்த கடலின் வரலாற்றோடு சேர்ந்தவை.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதுபற்றி ஒரு விவாதம் நடக்கிறது. நாமக்கல் வட்டாரத்தின் மணமேட்டுப் பாறைகள் 70 கோடி ஆண்டுக்கும், தேவனூர்ப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கும் முந்திய கடல்தரையின் மிச்சம் என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பழைய, வெந்து மடிந்த பாறையில் அடுக்கு வரிசை முழுதாக இருக்காது. பூமிக்கடியிலேயே உறைந்த அடுக்குப் பாறையும் இதே சாயலில் இருக்கும். ஆகவே சர்ச்சை ஓயவில்லை. மகளுக்கு அது நல்லதுதான். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு லடாக் வரை போகவே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் பெரிடோடைட் வகையான டியூனைட் இருக்கிறது என்பதற்காக அதையும் ஓஃபியோலைட் என்று சொல்லிவிடக் கூடாது. நேர்முகத்தில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இனி வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். மலையேறிக் கல்லுடைப்பது சில வாரங்கள்தான். மிச்ச ஆண்டுகள் நுண்ணோக்கி, ஆய்வுக்கூடம், கணினி. பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த வில்லையை மகள் மூன்றாம் ஆண்டுக்குள் தானே பார்த்து, ஆலிவின் என்ற கனிமம் எது, அது நீர் சேர்ந்து செர்பென்டைனாக மாறிய வலைப்பின்னல் எது என்று சொல்ல வேண்டும். இதற்கு எந்தக் கோச்சிங்கும் உதவாது. கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து கண் பழகினால்தான் வரும்.

தவறுகள் பெரும்பாலும் மாதிரி எடுப்பதிலும் அரைப்பதிலும் நடக்கின்றன. வானிலையில் சிதைந்த மேல்தோலை நீக்கி, உள்ளே புதிதாக இருக்கும் கல்லில் 2–3 கிலோ எடுக்க வேண்டும். பாறையின் வயது காண சிர்க்கான் என்ற கனிம மணி வேண்டும். பெரிடோடைட்டில் அது அநேகமாகக் கிடைக்காது. வெளிறிய பிளாஜியோகிரானைட் நரம்பைத் தேடி 5–10 கிலோ சுமந்துவர வேண்டியிருக்கும். டங்ஸ்டன் கார்பைடு அரவையில் பொடித்தால் மாதிரியில் டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் கலந்துவிடும். நியோபியம்–டான்டலம் விகிதத்தை வைத்துக் கடலின் வகையைச் சொல்ல நினைப்பவருக்கு அந்தப் பொடி வீண். அகேட் அரவைதான் வேண்டும். செர்பென்டைனாக மாறிய பாறையில் பொட்டாசியம், ருபிடியம், பேரியம் எல்லாம் நீரோடு இடம் பெயர்ந்திருக்கும். அவற்றை நம்பாமல் தோரியம், நியோபியம், இட்டர்பியம், டைட்டானியம் பக்கம் போவார்கள். இட்டர்பியத்தோடு ஒப்பிடும்போது நியோபியம் ஏறாமல் தோரியம் மட்டும் ஏறியிருந்தால், புதுக் கடல்தரை உண்டாகும் நடுக்கடல் முகட்டைவிட, தட்டு அமிழும் இடத்தில் பிறந்த பாறை என்று சந்தேகிக்கலாம். குரோமைட் என்ற குரோமியக் கனிம மணி மாற்றத்தைத் தாங்கும், ஆனால் அதன் ஓரம் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமமாகத் திரிந்திருக்கும். மணியின் நடுவில் அளக்காவிட்டால் முடிவு தலைகீழ். இத்தனைக்கும் அடிப்படை வேதியியல். மகள் துணைப்பாட வேதியியலை ‘பாஸ் ஆனால் போதும்’ என்று விட்டிருந்தால் இந்த ஆண்டே சரிசெய்யுங்கள்.

தேர்வுகளுக்கு வருவோம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு, ஜியாலஜி தாள்: விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில், 3 மணி நேரம், 100 மதிப்பெண். சில ஐ.ஐ.டி.கள் பி.எஸ்சி.யில் கணிதம், இயற்பியல், வேதியியலில் குறிப்பிட்ட பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. மதிப்பெண் வந்தபிறகு இது தெரிந்து தவிப்பவர்கள் உண்டு, தகவல் குறிப்பை இப்போதே பாருங்கள். ஜாம் கைகூடாவிட்டால் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் இருக்கின்றன, குறைச்சல் இல்லை.

எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி.யின் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் ஜியாலஜிஸ்ட் ஆவது இந்த வழியில்தான். முதல்நிலையில் பொது அறிவு 100, பாடத்தாள் 300 மதிப்பெண், மெயின் மூன்று தாள், ஒவ்வொன்றும் 200, நேர்முகம் 200. வயது 21 முதல் 32 வரை. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு தளர்வு. பெண் என்பதற்காகத் தனித் தளர்வு கிடையாது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மெயினின் இரண்டாம் தாளில் கனிமவியல், புவிவேதியியல், தீப்பாறையியல் எல்லாம் வருகின்றன. மகளின் கனவுக்கு வேண்டிய பாடமும் அதுவேதான். அதனால் வங்கித் தேர்வுக்கு இழுக்காதீர்கள்; இந்தத் தேர்வையே மாற்று வழியாக வைத்துக்கொள்ளட்டும்.

ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, புவி அறிவியல் தாள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30. இதில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உதவித்தொகை சில இடங்களில் மாதக்கணக்கில் சேர்ந்துதான் வரும், ஆகவே மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காசில் இந்தத் தலைப்பில் பிஎச்.டி. சேர்வதை நான் ஒப்பமாட்டேன். மாதிரிப் பகுப்பாய்வுச் செலவே ஆளைச் சாய்த்துவிடும்.

சந்தை பற்றியும் கேட்பீர்கள். ஓஃபியோலைட் நிபுணர் தேவை என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஆனால் குரோமைட், நிக்கல் தேடுவோருக்கு இந்த அறிவு வேண்டும். ஓமானில் கார்பன் டை ஆக்சைடைப் பெரிடோடைட்டுக்குள் செலுத்திக் கல்லாக்கும் முயற்சி நடக்கிறது. அல்பேனியாவின் புல்கிசா குரோமைட் சுரங்கத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் வெளியேறுவதாக 2024-இல் கட்டுரை வந்தது. இவை வேலைவாய்ப்பாக எந்த அளவுக்கு மாறும் என்று இப்போது கணக்குப் போட வேண்டாம்.

களப்பணி பற்றிய பயத்துக்கு வருகிறேன். தனியாக யாரும் போவதில்லை, போகவும் கூடாது. உண்மையான ஆபத்துகள் வேறு. செர்பென்டைன் பாறையில் கிரிசோடைல் என்ற ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். உலர்ந்த கல்லை வாய் மூக்கு மூடாமல் உடைப்பதோ அறுப்பதோ கூடாது, பி-100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் போட்டு, கல்லை நனைத்து வேலை செய்ய வேண்டும். அதே பாறையில் மேக்னடைட் நிறைய உண்டாகியிருப்பதால் திசைகாட்டி முள் இடத்துக்கு இடம் விலகும். பாறைமேல் வைத்துப் படிக்காமல், எட்ட நின்று, தெரிந்த மலையுச்சியையும் ஜி.பி.எஸ்.ஸையும் வைத்துச் சரிபார்க்கப் பழக வேண்டும். லடாக்கில் முதல் சில நாள் ஓய்வெடுக்காமல் மலையேறினால் மூச்சுத்திணறல் வரும். எல்லைப்புறம், காடு, அந்தமானின் பழங்குடிக் காப்புப் பகுதி ஆகியவற்றுக்கு அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது வழிகாட்டிப் பேராசிரியரின் பொறுப்பு. அதனால் சேரும் முன் மகள் அவரிடமும் அவருடைய மாணவர்களிடமும் கேட்க வேண்டியவை: களச் செலவு எந்தத் திட்டத்திலிருந்து வரும், வேதிக்கூறு அளக்கும் கருவிகளான மைக்ரோபுரோபும் ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸும் வளாகத்திலேயே உள்ளனவா அல்லது வெளியே வரிசையில் நிற்க வேண்டுமா, கடைசியாகப் பட்டம் பெற்ற இரண்டு பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.